"போறேன்" என்று சொல்லத் தெரியாத சாமியாருக்கு

என் அன்பு மாமா,

எந்த மர நிழலில் உட்கார்ந்து யாரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறீர்களோ, அங்கேயே வைத்து உங்கள் பெண்டாட்டியின் கடிதத்தைப் படியுங்கள். நீங்கள் போய் ஒன்பது மாதமாகிறது. நம் மகள் கவிதாவுக்கு இது ஏழாம் மாதம், தாத்தா ஆகப்போகிறீர்கள். அறந்தாங்கியிலிருந்து அவள் போன் செய்தால் பாதி நேரம் மாங்காய்ப் பேச்சுதான்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது சாமியாராகப் போகக் கிளம்பினீர்களே, நினைவிருக்கிறதா? காவி வேட்டி, தோளில் பை, முகத்தில் அப்படியொரு ஞானம். ஆனால் வாசலைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில், "போயிட்டு வாரேன்" என்றீர்கள்.

விடுவேனா? "துறவிக்கு ஏது வாரேன்? போறேன்னு சொல்லிட்டுக் கெளம்புங்க."

நம் பக்கத்தில் எந்த மனுஷன் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொல்வான்? இரண்டு முறை வாயைத் திறந்தீர்கள். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, "மல்லிகைக்குத் தண்ணி பாச்சியாச்சா?" என்று கேட்டீர்கள். கீரமங்கலம் பூச்சந்தையில் இதைச் சொல்லி யார் கேலி செய்தாலும் நீங்களும் கூடச் சேர்ந்து சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டீர்கள். அது மட்டும் இன்னும் ஆறவில்லை.

நீங்கள் இல்லாத வீட்டில் எனக்கும் அந்த ஆசை வந்தது. ஓர் ஆசிரமத்தில் சமையலுக்குச் சேர்ந்துவிடலாம் என்று பை கட்டினேன். ஊரே மெச்சியது. உங்கள் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல முடிவு தாயி. வளைகாப்புல நீ ஒதுங்கி நிக்கிற சங்கடமும் இல்ல பாரு" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நீங்கள் உலகத்தை விடப் பார்த்தீர்கள். என்னை அல்லவா உலகம் விடப் பார்க்கிறது? இதற்குப் பேர் துறவா மாமா?

பையை அவிழ்த்துவிட்டேன். கவிதாவிடம் சொன்னதும், "மொதல் வளையல் நீதாம்மா போடணும். இல்லாட்டி நான் மணையிலயே ஒக்கார மாட்டேன்" என்றாள். இந்தப் பிடிவாதம் யாருடையது என்று கேட்கவா வேண்டும்? உங்கள் அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று வந்து, "பச்சை வளையலா, செவப்பா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டும் வாங்கியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை முதல் வளையலை நான்தான் போடுவேன், இது உங்கள்மேல் சத்தியம். நம் கொல்லை மல்லிகையைத் தலை நிறைய வைத்துக்கொண்டு போடுவேன்.

இன்னமும் உங்கள் பெண்டாட்டியான,
சரசு