கொல்லாமல் குடித்தவளுக்கு

சாங்வியில் நான் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறேன். அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தபோது, பழைய கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்கும் கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நடுவே உன்னுடைய சிடி ஒன்று அகப்பட்டது. மேலே கறுப்பு மார்க்கரில் உன் எழுத்து. தமிழை இந்தி எழுத்தில் எழுதுவாயே, அதே கோணல் வரி: "இதுல அண்ணன் சாவான். அழக்கூடாது." கட்டி வைத்த அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்து அழுதேன். நீ சொன்னதை நான் என்றைக்குக் கேட்டிருக்கிறேன்?

மராத்தி ஊரான சிஞ்ச்வட்டில், ஒரே கட்டடத்தில், நீ மூன்றாம் மாடி, நான் கீழ்வீடு. உன் நைனாவும் என் நைனாவும் வண்டி பாகங்கள் செய்யும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் வேலூர்ப் பக்கம்தான் ஊர். உனக்குத் தலசீமியா என்பது நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே தெரியும். உன் உடம்பில் ரத்தம் சரியாக ஊறாது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை யாருடையதையாவது ஏற்றிக்கொண்டால்தான் நீ இருப்பாய். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெள்ளையடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போய்ப் படியிறங்குவாய். திரும்பி வரும்போது கீழ்ப்படியிலேயே உன் வாய் ஆரம்பித்துவிடும். "என்னடி, நான் இல்லாத நேரத்துல நல்லா படிச்சியா? பாவம்!" என்பாய்.

ஒரு பாட்டில் வாங்கினால் பதிலுக்கு ஓர் ஆள் வந்து கொடுக்க வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியின் விதி. நம் ஊர்க்காரர்கள் முறை வைத்துக்கொண்டு கொடுத்தார்கள். இந்த வாட்டி லேத் மெஷின்காரர், அடுத்த வாட்டி கேன்டீன்காரர். கொடுத்துவிட்டு வருகிறவர் உன் வீட்டில் சாப்பிடாமல் போக முடியாது. உன் அம்மா வாசலிலேயே நின்று மடக்கிவிடுவார்கள்.

உன் மும்பை சித்தி மகன் ஹாஸ்டலிலிருந்து அந்த ரத்தக்காட்டேரி அனிமேயை, ஜப்பான்காரர்களின் கார்ட்டூன் தொடரை, சிடிசிடியாகப் பதிந்து அனுப்பியது நாம் பதினொன்றாவது படித்த வருஷம். பேச்சு ஜப்பானிய மொழியில், எழுத்து இங்கிலீஷில். பீன்ஸ் நறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காரும் உன் அம்மாவுக்கு நான் வரிக்கு வரி தமிழில் சொல்ல வேண்டும். கதையில் அண்ணனும் தங்கையும் ரத்தக்காட்டேரிகள். அண்ணன் பசி தாங்காமல் ஒரு மீனவனைக் கொன்றுவிட்டு, இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணுகிறான். தங்கை அப்படியில்லை. பத்துப் பேரிடம் ஒவ்வொரு வாய் குடித்து, யாரையும் சாகவிடாமல், தானும் சாகாமல் பிழைக்கிறாள். உன் அம்மா கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்: "கொல்லாம குடிச்சா அதுல இன்னாமே தப்பு?" நாம் இரண்டு பேரும் சிரித்தோம்.

நான்காவது சிடியில் அண்ணன் பட்டினி கிடந்து, எழுந்து நடந்து, விடியும் வெயிலில் போய் நின்று சாம்பலாகிறான். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அழுதது போதாதென்று எழுந்து நின்று கை தட்டினேன். "இவன்தான்டி ஹீரோ! அவ சும்மா உயிருக்குப் பயந்தவ. அடுத்தவங்க ரத்தத்துல வாழறதுக்குப் பதிலா இப்படிச் செத்தா எவ்ளோ அழகா இருக்கு!" என்றேன். யாரிடம் சொல்கிறோம் என்ற புத்தி அந்த நேரத்தில் எனக்கு இல்லை. மூடமே, மூடமே என்று இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன். நீ கம்ப்யூட்டரிலிருந்து சிடியை எடுத்துத் துடைத்து உறையில் போட்டாய்.

அந்த வருஷ ஆடிக் கிருத்திகையன்று ரத்தம் கொடுக்கிற முறை ஏகாம்பரம் மாமாவுக்கு வந்தது. கம்பெனியில் டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறவர். முருகன் என்றால் உருகிவிடுகிற மனிதர். கிருத்திகை என்றால் பொழுது சாயும்வரை பச்சைத்தண்ணீரோடு சரி. அன்றைக்கும் அப்படியே ரத்தம் கொடுக்கப் போய்ப் படுத்துவிட்டார். நர்ஸ் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதற்கு வயிறு நிறைய என்று தலையாட்டியிருக்கிறார். உன் அம்மா சாப்பாட்டோடு நிற்பார்கள் என்று பயந்து ஆஸ்பத்திரிப் பின்கேட் வழியாகவே செகண்ட் ஷிப்டுக்குப் போய்விட்டார். போன ஒரு மணி நேரத்தில் மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்து, கை அதில் மாட்டி, வலது கை மோதிர விரலில் ஒரு கணு போயே போய்விட்டது.

நமக்குச் செய்தி வந்தபோது நீ இட்லி தின்றுகொண்டிருந்தாய். தட்டை நகர்த்தி வைத்தாய். அடுத்த தேதி வந்தது, நீ போகவில்லை. உன் நைனா கத்தினார், உன் அம்மா காலில் விழாத குறை. கதவைத் தாழ் போட்டுக்கொண்டாய். நாலாவது வாரம் போய், ஐந்தாவது வாரமும் பாதி போயிற்று. ஒரு படி ஏற இரண்டு நிமிஷம் நின்றாய், உதடு எந்த நிறமும் இல்லாமல் போயிருந்தது. எனக்கு மட்டும் கதவைத் திறந்தாய். கெஞ்சினேன், திட்டினேன், "செத்துருவடி" என்று அலறினேன்.

நீ மெதுவாகச் சொன்னாய்: "நீதானே சொன்ன. அடுத்தவங்க ரத்தத்துல வாழறதுக்கு இப்படிச் செத்தா அழகுன்னு. கை வேற தட்டின."

அது வெறும் கார்ட்டூன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அழுதது பொய்யில்லையே! படியில் விழுந்தடித்து இறங்கி, இரண்டு தெரு தள்ளி ஏகாம்பரம் மாமா வீட்டுக்கு ஓடினேன். செருப்புக்கூடப் போடவில்லை. நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன், என் கைதட்டல் உட்பட. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டுப் போட்ட கையோடு என் பின்னால் வந்தார்.

உன் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கண்ணு, நீ ஒண்ணும் என்னைக் கடிச்சுக் குடிக்கல. நானா போய்ப் படுத்தேன். முருகனுக்கு விரதம், உனக்கு ரத்தம், ரெண்டையும் ஒரே நாளுல வெச்சுக்கினது என் மடத்தனம். நர்ஸம்மாகிட்ட பொய் சொன்னதும் நான்தான். அதுக்கு நீ ஏன் தண்டனை அனுபவிக்கிற?" என்றார்.

"உங்க விரல் போச்சே மாமா."

"போச்சு. நான் குடுத்தத நீ வேணாம்னா, வெரலும் போயி, குடுத்ததும் வீணாப் போவுது. அரே, ஒரு மனுஷனுக்கு எத்தினி நஷ்டம்தான் வெப்ப?"

நீ சிரித்தாய். ஐந்து வாரத்தில் முதல் சிரிப்பு. சிரித்ததில் மூச்சு வாங்கி இருமல் வந்துவிட்டது. அவரே ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் பாட்டில் சொட்ட ஆரம்பித்ததும் நீ முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். "வாங்கிக்கறதுதான்டி கஷ்டமா இருக்கு. சாகறது ஈஸி" என்றாய். உனக்கு அப்போது பதினாறு வயது.

நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. கேட்டால் நீ கிண்டல் பண்ணுவாய் என்று வெட்கம். பதிலாகப் பதினெட்டு முடிந்ததும் ரத்தம் கொடுக்க நினைத்தேன். எடை நாற்பத்திரண்டு கிலோதான் இருந்தது, நாற்பத்தைந்தாவது வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் வாழைப்பழமும் கடலைமிட்டாயுமாகத் தின்று நாற்பத்தாறைத் தொட்டேன். கொடுத்துவிட்டுப் பெருமையாக வந்து நின்றால், "உன்னுது எனக்கு வரலடி. எவனோ அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்காரனுக்குப் போயிருக்கும். பாவம், இனிமே அவனும் உளறிக்கினே கிடப்பான்" என்றாய். அதன் பிறகு ஆறு வருஷம் என் முறை வரும்போதெல்லாம் போய்ப் படுத்தேன். நீ பி.காம் முடித்தாய், வேலைக்குப் போனாய், ஒரு மராத்திப் பையனைப் பார்த்து மூன்று மாதம் உருகிவிட்டு, "மூக்கு சரியில்ல" என்று விட்டாய்.

உன்னைக் கொண்டு போனது ரத்தம் இல்லாமை இல்லை. ஏற்றிய ரத்தத்தின் இரும்பு இத்தனை வருஷமாக இதயத்தில் படிந்துவிட்டது என்றார் டாக்டர். கடைசியாக நான் வந்தபோது உன் அம்மா உன் தலையைச் சீவிக்கொண்டிருந்தார்கள். "அந்தத் தங்கச்சி கடைசி சிடியில என்ன ஆனாள்னு மறந்துபோச்சுடி" என்றேன், ஏதாவது பேசவேண்டுமே என்று. "அவளும்தான் செத்தா. ஆனா பசியோட சாவல. என்னால ஒருத்தரும் சாவல, நானும் பசியோட போவல. அது போதாதா?" என்றாய். பேச்சு இழுத்தது. உன் அம்மா சீப்பை வைத்துவிட்டு, கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் போனார்கள்.

நீ போய் ஆறாம் நாள் ஒரு வியாழக்கிழமை. உனக்கு ஏற்ற வேண்டிய தேதி, கொடுக்கிற முறை என்னுடையது. வீட்டில் யாரிடமும் சொல்லாமல் போனேன். நர்ஸ் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, யாருக்காக என்று மராத்தியில் கேட்டாள். உன் பெயரைச் சொல்லாமல், "யாருக்கு வேணுமோ குடுங்க" என்றேன். எழுதிக்கொண்டாள்.

ஊசி குத்தியதும் என் கண்ணிலிருந்து தாரையாகக் கொட்டியது. வலிக்கிறதா என்று அந்த நர்ஸ் என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். என் வயதுதான் இருக்கும் அவளுக்கும். பரவாயில்லை, விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பாட்டில் நிறைகிறவரைக்கும் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள், நானும் பிடிக்க விட்டேன். யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்ள எனக்கு இப்போது தெரியும். அது உன்னிடமிருந்து வந்தது.