அப்பா பெயரில் வேண்டிய பால்குடம்

அன்பு மகள் ரோஷினிக்கு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நலம், மான்செஸ்டர் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கவேண்டும். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை, அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுச் சன்னலுக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை சாமி மேடையின் மேல்தட்டிலிருந்து சாம்பிராணி எடுக்க அண்ணாந்து பார்த்த அப்பா, சுவரைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். வீடே சுற்றுகிறது என்றார், வாந்தி வேறு. பக்கவாதமோ என்று பதறி ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அவசரப் பிரிவில் டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு அது இல்லை என்றார், ஆனால் எழுந்து உட்காரவே முடியாதவரை எப்படி வீட்டுக்கு அனுப்புவது, வார்டில்தான் சேர்க்கவேண்டியிருக்கும் என்றார். அதற்குள் ஹனீன் என்ற பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள், தமிழ்ப் பெண்தான். எனக்கு ஆத்திரம், கை கால் எதுவும் உடையவில்லையே, இங்கே இவளுக்கு என்ன வேலை என்று. அவள் அப்பாவின் தலையை ஒரு பக்கம் திருப்பிப் பிடித்துச் சட்டென்று மல்லாத்தினாள். அவர் கண்கள் இரண்டும் துடித்தன, முருகா என்று அலறினார். இவர் எழுந்து நடந்தால் இந்தத் தைப்பூசத்துக்கு இவரே பால்குடம் எடுப்பார் என்று நான் அங்கேயே வேண்டிக்கொண்டேன். காதுக்குள்ள துகள் இடம் மாறிடுச்சு, அதான் அங்கிளுக்குச் சுத்துது, பயப்படாதீங்க ஆன்ட்டி என்று சொல்லிக்கொண்டே தலையை மெல்ல மறுபக்கம் திருப்பி, உடம்பையும் புரட்டி, உட்காரவைத்தாள். சுற்றல் நின்றுவிட்டது. நடக்கவிட்டுத் திரும்பவிட்டுப் பார்த்தபின் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அவளிடம் வேண்டுதலைச் சொன்னேன். ஐயோ ஆன்ட்டி, இது மறுபடி வரலாம், இப்ப தலையில பாரம் வேணாம் லா, கூட்டத்துல தடுமாறினா யாரு பிடிக்கிறது என்றாள். அப்பாவுக்கோ சிரிப்பு. மல்லாந்து கிடந்தவன் நான், என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி, முருகன்கிட்ட பேசினது நீ, நீயே தூக்கு என்கிறார்.

அவர் பெயரைச் சொல்லி வேண்டியதை நான் எடுத்தால் ஆகுமா என்று அன்றிலிருந்து ஒரே தவிப்பு. நேற்று தேக்கா கடைத்தெருவில் குடம் வாங்கும்போதும் மனம் ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து தண்ணீர் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு நம் அடுக்குமாடி புளோக்கின் நடைவழியில் நடந்து பார்த்தேன், கழுத்து இற்றுவிடும்போல் இருந்தது. திரும்பினால் அப்பா எதையும் பிடிக்காமல் என் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறார். நான் கேட்டது அதைத்தானே. குடம் என் தலையில், அவர் என் பக்கத்தில், அப்படித்தான் போகப்போகிறோம். முருகனுக்குக் கோபம் என்றால் அது என்னோடு இருக்கட்டும்.

நீ பதறி டிக்கெட் போடாதே. பூசத்தன்று வீட்டில் அசைவம் வேண்டாம், மறந்துவிடாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க ஆசீர்வாதம்.

உன் அம்மா,
பூவம்மா மாணிக்கம்