சுற்றிவர ஆறு ஓட்டைகள்

2003 ஆடி, வியாழக்கிழமை. விசுவமடு.

இன்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. இங்கே எழுதினால் யார் குறை சொல்லப்போகிறார்கள்?

போன கிழமை வியாபாரி காசிம் நானா, நான் பரலில், அந்தப் பழைய எண்ணெய்ப் பீப்பாயில், புகை போட்ட சூரை மீனைத் திருப்பித் தந்துவிட்டார். ஒரு பக்கத்து மீன் கருகி, மற்றப் பக்கத்து மீன் பச்சையாக இருந்தது. "இன்னொருக்கா இப்பிடி வந்தா எடுக்கமாட்டன், தங்கச்சி" என்றார். அவரை விட்டால் எங்களுக்கு வேறு வியாபாரி இல்லை. பரலை எறியச் சொன்னார் என் கணவர்.

பிழை காற்றில் என்று எனக்குத் தோன்றியது. பரலின் அடியிலிருந்த ஒரே வாசலுக்குள், தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று நேரே புகுந்து, அந்தப் பக்கத்துக் கரியை மட்டும் மூட்டியது. வாசலைத் தகரத்தால் அடைத்தேன். எல்லாப் பக்கமும் ஒரே அளவாகக் காற்றுப் போக, அடியைச் சுற்றிவர ஆணியால் ஆறு சின்ன ஓட்டைகள் போட்டேன்.

இன்று நானா எல்லாப் பக்கத்திலிருந்தும் மீன் எடுத்துப் பிட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே தேன் நிறம். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "பரலை நல்லாத் திருத்தியிருக்கிறீங்கள், தம்பி" என்று என் கணவரிடம் சொன்னார்.

"நானில்லை, நானா. நான் எறியச் சொன்னனான். இவாதான் திருத்தினவா."

நானா உடனே பரலுக்குப் பக்கத்தில் குந்தினார். "எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோ, தங்கச்சி. என்ர மகளுக்கும் இப்பிடி ஒண்டு செய்யவேணும்."

ஒவ்வொரு ஓட்டையாகக் காட்டினேன். கடைசி ஓட்டை கைதவறிப் பெரிதாகிவிட்டதை மட்டும் நான் சொல்லவில்லை.