உப்புப் போட்ட ஐஸில் பிழைத்தவர்கள்

என் பிரியமுள்ள மச்சானுக்கு,

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகப்போகிறது. கடலூர் துறைமுகத்தில் உன் மீன் பெட்டிகளை அடுக்கிவைத்திருந்த இடத்தில் இப்போது யாரோ இறால் வியாபாரம் செய்கிறார்கள். கரண்ட் நிலவரத்தை மட்டும் கேட்காதே. இந்த 2012-இல், போகிற நேரத்தைவிட வருகிற நேரத்தைச் சொல்வதுதான் சுலபம்.

உன் மகள் கயல்விழி சிதம்பரத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, "கண்ணுக்கே தெரியாத பூச்சிய வச்சிக்கிட்டு என்னா மாப்ள பண்றா இவ?" என்று என்னைக் கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? பயாலஜி வாத்தியார் என்று பேர்தான், எனக்கே அப்போது பாதிதான் புரிந்திருந்தது. இப்போது அவள் புண்ணியத்தில் மீதியும் தெரியும். சொல்கிறேன், கேள்.

பூமியின் இரண்டு கோடியிலும், பனிக்கட்டி மிதக்கும் கடலில், ஒரே ஒரு செல்லால் ஆன உயிர்கள் இருக்கின்றன. நடக்கக் கால்போல மயிரிழைகள் உண்டு, காது கிடையாது, கண் கிடையாது. ஆனாலும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும். எப்படி? பண்ருட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே எங்கோ பலா பழுத்திருப்பது தெரிகிறது அல்லவா, அப்படி. ஒவ்வொன்றும் ஒரு சின்னப் புரதத்தைத் தண்ணீரில் விடுகிறது. தன் வகைப் புரதம் வந்து ஒட்டினால் செல் பெருகும். அதே இனத்தின் வேறு வகை வந்து ஒட்டினால் ஜோடி சேரும்.

அந்தக் குளிரில் எல்லாம் விறைத்துப்போகுமே, புரதம் மட்டும் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. கஞ்சி போட்ட புது வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் படியில் ஏற நீ பட்ட பாட்டை நினைத்துப் பார். பல தடவை துவைத்த வேட்டி உடம்போடு வளையும். துருவக் கடல் புரதம் இந்த இரண்டாவது ரகம். முக்கியமான முடிச்சுகள் இறுக்கமாகவே இருக்கும். நடுவில் உள்ள இழைகள் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்வு இருப்பதால்தான் குளிரிலும் வளைந்துகொடுத்து எதிர்ச் செல்லில் போய்ப் பொருந்துகிறது. அழகாக இல்லை?

இனி நடந்ததைச் சொல்கிறேன். கோடையில் ஒரு நாள் கரண்ட் ஏறி இறங்கியதில் அவர்கள் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி எரிந்துபோனது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த இரண்டு வகை உயிர்களும் ஆளுக்கொரு குடுவையில் அதற்குள்தான் இருந்தன. ஒரு வகை செத்தாலும் ஜோடி சேர்வதைக் காட்ட முடியாது, பட்டமும் கிடையாது. இன்னொரு தடவை வரவழைக்க யாரிடமும் பணம் இல்லை. ஜெனரேட்டர் வைத்த ஐஸ் கம்பெனி நம் ஊரில் இருக்கிறதே என்று கயல்விழி இரண்டு குடுவையையும் தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கடலூர் பஸ் ஏறிவிட்டாள்.

கண்டக்டர் விடவில்லையாம். "மீனா? நாறும்மா. பின்னாடி கொண்டு போ."

"மீனு இல்லண்ணே."

"பின்ன பொட்டில என்னா?"

"உசுரு."

"யாரோட உசுருமா?" என்று அவர் கேட்க, பஸ்ஸே சிரித்திருக்கிறது. கடைசியில் அவரே தன் சீட்டுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாராம்.

ஐஸ் கம்பெனியில் வாங்கிய புது ஐஸோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அதை மாற்றிவிட்டு, அசதியில் படுத்துவிட்டாள். அப்போதுதான் உன் தங்கை வசந்தா தன் பங்குக்கு உதவி செய்தாள். தூரத்துக்குப் போகிற மீனுக்கு ஐஸ் மேல் கல்லுப்பு தூவுவீர்களே, உங்கள் வீட்டுப் பழக்கம், அதேபோல் இரண்டு கை அள்ளித் தூவிவிட்டாள்.

சாயங்காலம் பெட்டியைத் திறந்த கயல்விழி அப்படியே நின்றாள். உப்புப் பட்ட ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகமாகக் குளிரும். பனிக்கடலில் வாழ்கிற உயிர்தான், ஆனால் சுற்றியுள்ள தண்ணீரே உறைந்தால் அதுவும் சாகும். ஒரு குடுவைக்குத் துண்டு சுற்றியிருந்ததால் தப்பித்தது. மற்றதில் பாதிக்குமேல் ஐஸ்.

"ஏன் அத்த, என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கடல் ஜீவன்தானடி? உப்பு ஜாஸ்தியானா சாவுமா?" என்றாள் வசந்தா. நீ இருந்திருந்தால் யாரைத் திட்டியிருப்பாய், மகளையா தங்கையையா?

கயல்விழி யாரையும் திட்டவில்லை. உப்பு ஐஸைக் கொட்டிவிட்டு வெறும் ஐஸில் குடுவையை வைத்து மெதுவாக இளகவிட்டாள். மறுநாள் சிதம்பரத்துக்கு நாங்கள் மூன்று பேருமாகப் போனோம். அவள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அத்த, நீயே வந்து பாரு" என்று எழுந்து இடம் விட்டாள். வசந்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். "ரெண்டு மூணு நடக்குதுடி!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள்.

அந்த இரண்டு மூன்றும் இரை தின்று, தங்கள் சேதியைத் தாங்களே வாங்கிப் பெருகின. குளிர்பெட்டி சரியாகும்வரை ஐஸிலேயே இருந்தும், குடுவை மறுபடி நிறைந்தது. இரண்டு வகையையும் குளிரிலேயே ஒன்றாய்க் கலந்ததும் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டன. போனில் சொல்லும்போது அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த மாதம் அவள் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். "மாமா, அப்பா எடத்துல நீங்கதான் முன்னாடி உக்காரணும். ஆனா அவுங்க கேள்வி கேட்டா நீங்க பதில் சொல்லிடாதீங்க" என்கிறாள். என்னைத் தெரிந்தவள். கேள்வி காதில் விழுந்தால் என் வாய் சும்மா இருக்காது என்று உனக்கும் தெரியும்.

மச்சான், உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். முன்வரிசையில் உட்காருவேன், வசந்தாவும் பக்கத்தில் இருப்பாள். பதில் வராமல் கயல்விழி ஒரு நிமிஷம் திணறினாலும் நான் பேச மாட்டேன். அவளே யோசித்துச் சொல்லட்டும். சொல்லிவிடுவாள்.

உன் தங்கையைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு உன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட,
உன் மாப்பிள்ளை