பெரட்டில் ஒரு ஆள் குறைவு

சிங்கப்பூர், 14.8.1986

அம்மாவுக்கு மகன் பத்துமலை கும்பிட்டு எழுதுறது. நான் நல்லா இருக்கேன். உங்க முட்டி வலி தேவலையா?

எஸ்டேட்டுகள்ல இருந்து கம்பெனிக்கு வர்ற தகவல் முன்னே சாயங்காலம்தான் தாள்ல அச்சாகி வரும். இப்ப வந்த உடனேயே கம்ப்யூட்டர் திரையில தெரியுற மாதிரி செஞ்சிட்டோம். அதைப் பார்த்துக்கிட்டே இருக்கிறதுதான் என் வேலை. காலையில ஏழு மணிக்கு நம்ம பீடோர் எஸ்டேட் வரி வரும்: விடியக்காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு வந்து நின்னவங்க அறுபத்து நாலு. அதுல ஒண்ணு எங்கம்மான்னு நெனச்சுக்கிட்டுத்தான் கோப்பி குடிப்பேன்.

திங்கக்கிழமையிலிருந்து அறுபத்து மூணுன்னு வருது. எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிக்குப் போன் போட்டேன். எங்கம்மாவான்னு கேக்க வாய் வரல. யாரு வரலன்னு மட்டும் கேட்டேன். “ஆள் கணக்குதான் தம்பி அனுப்புவோம், பேரெல்லாம் தேட நேரமில்ல லா”ன்னு வச்சிட்டாரு. யாராச்சும் மகளைப் பார்க்க ஈப்போவுக்குப் போயிருப்பாங்க. நான் ஒண்ணும் பயப்படல.

நார்த்தங்கா ஊறுகா ஒரு போத்தல் அனுப்புங்க. இங்க சோறு எறங்க மாட்டேங்குது. வேலைக்கு நேரமாச்சு, நிறுத்துறேன்.

பார்சல் மேல விலாசத்தைத் தங்கச்சி எழுத வேணாம். கோணலா இருந்தாலும் நீங்களே எழுதுங்கம்மா.

பத்துமலை