பதிவேட்டில் ஏறாத பொய்

மோனிஷா அப்பாவுக்கு,

உங்களை எழுப்ப மனம் வரவில்லை. வக்கீல் காலையிலேயே தொலைபேசியில் பேசினார்; நம் விபத்து வழக்கு தள்ளுபடியாகாதாம், நிற்கும். உங்கள் மருமகன் சுடலைமணியைக் காப்பாற்ற, "படியில வழுக்கி விழுந்தேன்" என்று நீங்கள் சொன்ன பொய் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஏறவில்லை. அதற்கு முன்பே அவன், "நாந்தான் காரை வச்சு மாமாவ இடிச்சிட்டேன் சிஸ்டர்" என்று அழுதிருக்கிறான். நஷ்டஈடு கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி, அவன் அல்லன். இதை நான் முன்பும் சொன்னேன்.

வக்கீலிடம் கையெழுத்திடத் தேவிகுளம் போகிறேன். கஞ்சி மூடி வைத்திருக்கிறேன். முழங்காலை மடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்து குடியுங்கள்.

நேற்று உங்களைப் பொய்யர் என்றேன். சொல் சரி, குரல்தான் அதிகம்.

பி.கு.: மாலையில் சுடலைமணி வருவான். மன்னிப்புக் கேட்டால், "போடா கோட்டிக்காரப் பயலே" என்று குறுக்கிடாமல், அவனை முழுவதும் சொல்ல விடுங்கள்.