சாவி குழிக்குள் இருந்தது

அடி வாங்கியும் வாய் திறக்காத என் இருதயராஜ் மாமாவுக்கு,

பேத்தமங்களா ஏரித் தண்ணீர் இன்றைக்கும் விட்டு விட்டுத்தான் வருகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள். நன்றாக என்றால், உங்கள் பேச்சை யாராவது எடுத்தால் எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்கிறாள். உங்கள் மேஸ்திரி வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர்க் குழாய் கேங்கு முழுக்க இப்போது என் பொறுப்பு.

நீங்கள் வைத்த வழக்கத்தை நான் மாற்றவில்லை. குழாய்க் குழிக்குள் இறங்குகிறவன் வால்வு சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் இறங்குகிறான். அவன் ஏறி வந்து சாவியைக் கொடுக்கும்வரை மேலே யாராலும் தண்ணீரைத் திறக்க முடியாது; திறந்தால் குழி நிரம்பி அவன் மூழ்கிவிடுவான். உங்களை அடித்த அன்றைக்கு ஊரிகம் குழியில் இறங்கியவன் நான். சாவி என் காலடியில் கிடந்தது.

அந்தக் கோடையில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் குடிக்கத் தண்ணீர் இல்லை. சுரங்க அதிகாரியின் பெரிய பங்களாவில் பூச்செடிக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. ஜனங்களுக்கு வந்த கோபத்தில் தப்பே இல்லை. ஆனால் கடப்பாரையும் கல்லுமாகக் கிளம்பியவர்கள் பங்களாவுக்கா போனார்கள்? வால்வுப் பக்கத்தில் தனியாக நின்ற உங்களிடம் வந்தார்கள்.

“உள்ள ஆளு இருக்கான்” என்று கத்தினீர்களாம். ஒருத்தரும் நம்பவில்லை. “சாவி எங்கடா?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். பல் தெறித்தது, விலா நொறுங்கியது, சாவி இருக்கும் இடத்தை மட்டும் நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் சாவியைப் பிடுங்கிக்கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்த பிறகுதான் நான் ஏறினேனா என்று பார்த்திருப்பார்கள். நான் கீழே ஜாயிண்டை முறுக்கிக்கொண்டே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன், மாமா.

ஏறி வந்தபோது கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் உயிர் போயிருந்தது. சுரங்கத்து ஆள் கன்னியப்பன் கையில் கடப்பாரை. அதன் முனையில் உங்கள் முடி ஒட்டியிருந்தது. போலீஸ் வந்து விசாரித்தபோது தொழிலாளர் கேம்பில் ஒருத்தரும் ஒன்றையும் பார்க்கவில்லை. என் ஒருத்தன் சாட்சி எடுபடவில்லை. ஊரே சேர்ந்து அடித்தால் யாருமே அடிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

போன வாரம் அந்தக் கன்னியப்பனைக் கொண்டுவந்து என் கேங்கில் போட்டார்கள். சுரங்கத்தில் பாறை வெடித்து ஒரு காது போய்விட்டதாம், இனி ஷாஃப்டில் இறங்கக்கூடாதாம். அவனைப் பார்த்ததும் பெரிய ஸ்பானரை எடுத்து அவன் தோளில் ஒன்று போட்டேன். அடுத்த அடி மண்டைக்குத்தான். அதற்குள் கேங்கு ஆள் லாசர் என் இடுப்பைக் கட்டி இழுத்துவிட்டான். கன்னியப்பன் தடுக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் கேங்கில் ஒருத்தனும் குழியில் இறங்கவில்லை.

“இன்னா மேஸ்திரி, அவன் கைல சாவி குடுப்பியா?” என்று லாசர் கேட்டான். “குடுக்காம எறக்கினா, இன்னிக்கு அவனுக்கு, நாளைக்கு எங்களுக்கா?”

கன்னியப்பன் குழிக்குள் இருக்கும்போது வால்வைத் திறந்துவிட்டு, அவன் மூச்சு முட்டிச் சாவதை மனசுக்குள் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

இன்று சாயங்காலம் கன்னியப்பனே வந்து நின்றான். “ஊட்ல கொழந்தைக்குத் தண்ணி இல்ல. ஆளு இருக்கான்னு அவுரு சொன்னாரு, நான் நம்பல” என்றான். பிறகு, “நாளைக்கு நான் எறங்கறேன் மேஸ்திரி. சாவி குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி” என்று சொல்லிவிட்டுப் போனான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கேட்டால் சிரிப்பீர்கள், அவ்வளவுதானே?

நான் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவனைக் கண்டால் கை இன்னும் ஸ்பானரைத் தேடுகிறது. நாளைக் காலை அதே ஊரிகம் குழி. சாவியை நானே அவன் கையில் கொடுப்பேன். அவன் ஏறி வரும்வரை நீங்கள் நின்ற இடத்தில் நிற்பேன். யார் வந்து எப்படி அடித்தாலும் சாவி எங்கே என்று சொல்ல மாட்டேன். அக்கா மேல் சத்தியம்.

உங்களால் உயிரோடிருக்கும் மச்சான்,
சாலமன்